நேர் அயனி நேர்மின்வாயில் படியுமா?

ஐரோப்பிய ஒன்றியத்தில் சுரங்கக் கழிவை மேடாகக் குவித்து வைத்திருக்கும் நிறுவனங்கள், அதில் என்ன உலோகம் கிடக்கிறது, எடுத்தால் கட்டுபடியாகுமா என்று 2026 நவம்பர் 24-க்குள் கணக்குக் கொடுக்க வேண்டும். அதையும், அத்தகைய கழிவிலிருந்து மின்னாற்பகுப்பால் மாங்கனீசு ஆக்சைடு எடுப்பதையும் பற்றி எழுதியதும் வந்த கடிதங்களில் பாதிக்குமேல் ஒரே கேள்வி: மாங்கனீசு அயனி நேர்மின்சுமை கொண்டதாயிற்றே, அது எப்படி நேர்மின்வாயில் ஆக்சைடாகப் படியும்? அச்சுப்பிழையா என்றுகூடக் கேட்டிருக்கிறார்கள்.

பிழையில்லை. கழிவைக் கந்தக அமிலத்தில் கரைத்து, இரும்பு முதலானவற்றை நீக்கிய பிறகே கரைசல் மின்னாற்பகுப்புத் தொட்டிக்கு வருகிறது. தொட்டியில் அமிலம் ஏராளம். அதனால் எதிர்மின்வாயில் ஹைட்ரஜன் முந்திக்கொண்டு எலக்ட்ரானை வாங்கிக் குமிழியாகப் போய்விடும். மாங்கனீசுக்கு அங்கே வேலையில்லை. நேர்மின்வாய் அதை விலக்கத்தான் பார்க்கும். ஆனால் 95 டிகிரிச் சூட்டில் புரளும் கரைசலில் அந்த விலக்கல் எடுபடாது. டைட்டானியத் தகட்டைத் தொட்ட மாங்கனீசு மேலும் இரண்டு எலக்ட்ரான்களை இழந்து, தண்ணீரின் ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டு, கறுப்பு ஓடாக ஒட்டிக்கொள்கிறது. பெயர்த்து அரைத்தால் பேட்டரிப் பொடி.

கெட்டிக்காரத்தனம் அதன் பிறகுதான். ஒரு டன் ஆக்சைடு படியும்போது சுமார் 1.13 டன் கந்தக அமிலம் தொட்டியிலேயே மறுபடி பிறக்கிறது. அடுத்த கழிவைக் கரைக்க அதையே அனுப்பலாம். 'மூடிய சுழற்சி' என்று பெருமையடிப்பது இதைத்தான். ஆனால் திரும்பி வருவது மாங்கனீசைக் கரைத்த அமிலம் மட்டுமே. கழிவிலுள்ள சுண்ணாம்பும் இரும்பும் தின்ற அமிலம் ஜிப்சமாகவும் சேறாகவும் போனது போனதுதான். மாங்கனீசு குறையக் குறைய இந்த ஒழுகல் பெருகும். கழிவு என்றாலே மாங்கனீசு குறைவுதானே!

செக் நாட்டின் ஹ்வாலெட்டிட்சேயில் 1951 முதல் 1975 வரை பைரைட் தோண்டிக் கொட்டிய கழிவு சுமார் 2.7 கோடி டன். மாங்கனீசு 7 விழுக்காடு சொச்சம். முழுவதையும் எடுத்தாலும் 2.5 கோடி டன் மிச்சம் கிடக்கும். இதற்குக் 'கழிவு மீட்பு' என்று பெயர் வைத்தவருக்கு நல்ல கற்பனை வளம்.

அங்கே ஆக்சைடா எடுக்கிறார்கள்? இல்லை, உலோகமும் சல்பேட்டும் எடுக்கத்தான் திட்டம். அமிலத்தைக் குறைத்து, அம்மோனியம் சல்பேட் சேர்த்து, நடுவே திரை கட்டினால் எதிர்மின்வாயில் உலோகம் படியும்.

மின்செலவு? தொட்டி 2.5 வோல்ட்டில் ஓடினால் டன் ஆக்சைடுக்கு 1,500 யூனிட்டுக்குக் குறையாது.

ஹைட்ரஜன்? டன்னுக்கு 23 கிலோ.

இந்தியாவில் உண்டா? மகாராஷ்டிரத்தின் டோங்ரி புசுர்க்கில் அரசு நிறுவனமான மாயில் இந்த ஆக்சைடைத் தயாரிக்கிறது, தாதுவிலிருந்து.