வாசலில் ஒரு தேசியப் பூங்கா, நாங்கள் யாலவில்

கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போய்வந்த ஹொல்ம்லியா வீடுகளில் ஒரு படம் கட்டாயம் இருக்கும். யால அல்லது வில்பத்து, திறந்த ஜீப், தூரத்தில் ஒரு யானை. வெளிநாட்டுக்காரருக்கான நுழைவுக் கட்டணம், ஜீப்புக்கு வேறு காசு, இறங்கி நடக்கவும் ஏலாது. நானும் போனவன்தான், பிழை சொல்லவில்லை. ஆனால் படம் காட்டுகிறவரிடம் "ஓஸ்ட்மார்க்காவுக்குப் போனீங்களோ?" என்று கேட்டுப் பாருங்கள். "அது வெள்ளையள் ஸ்கீ ஓடுற இடமெல்லோ" என்பார்.

எங்கள் வீடுகளுக்குக் கிழக்கே கிடக்கும் அந்தக் காட்டின் உட்பகுதி 2023 டிசம்பர் 1ஆம் திகதி தேசியப் பூங்காவானது. நோர்வேயின் முதல் தேசியப் பூங்கா ரொண்டானே, 1962இல் வந்தது. அதற்குப் பிறகு வந்தவற்றில் பெரும்பாலானவை தூரத்து மலைகள். ஒஸ்லோவில் மெட்ரோ பிடித்துப் போகக்கூடிய காடு ஒன்றுக்கு இந்தப் பெயர் கிடைத்தது சின்ன விசயம் இல்லை. அளவு ஏறக்குறைய 65 சதுர கிலோமீற்றர்.

அங்கே இனி மரம் தறிக்க முடியாது. விழுந்த மரம் விழுந்தபடி கிடக்கும். முதலில் பார்க்கிறவருக்கு யாரும் துப்புரவாக்காத வளவு மாதிரித்தான் இருக்கும். ஆனால் அந்த உக்கிய மரங்களில்தான் காளானும் வண்டும் சீவிக்கின்றன, வண்டைத் தேடி மரங்கொத்தி வருகிறது. 2013இல் ஓஸ்ட்மார்க்காவில் ஓநாய் குட்டி போட்டது. நூறு வருசத்துக்கும் மேலாக ஒஸ்லோப் பக்கத்தில் நடக்காத காரியம் அது. பயப்பட வேண்டாம், அவை எங்களைக் கண்டால் விலகிப் போகிற பிராணிகள்.

எங்கட ஆக்கள் போகாததற்குச் சோம்பல் மட்டும் காரணம் இல்லை. போன ஆவணியில் அம்மாவைக் கூப்பிட்டபோது, "காட்டுக்கு ஏனப்பு? ஓடி ஒளிச்சது காணாதே?" என்றா. ஷெல்லுக்குப் பயந்து பற்றைக்குள் இரவு கழித்த மனிசிக்கு "இயற்கையை ரசிக்க வாங்கோ" என்று என்ன வாயால் சொல்வது? இங்கே பள்ளிக்கூடத்தோடு சுற்றுலாப் போய் வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்தச் சொல்லே வேறு. ஒரே வீட்டுக்குள் இரண்டு காடுகள்.

மகள்தான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். மூன்றாம் இலக்க மெட்ரோவில் ஸ்குல்லெருட், அங்கிருந்து நடை. கோடை நடைபாதைக்கு நீல அடையாளம், பனிச்சறுக்குப் பாதைக்குச் சிவப்பு. ருஸ்டாட்சாகாவில் கோப்பி குடித்தோம். பூங்காவின் எல்லை இன்னும் உள்ளே, அன்றைக்கு அவ்வளவு தூரம் அம்மாவின் முழங்கால் விடவில்லை. பரவாயில்லை, காடு ஒன்றுதான்.

1957ஆம் ஆண்டுச் சட்டப்படி, காடு யாருடையதாக இருந்தாலும் நடக்கலாம், பழம் பிடுங்கலாம். ஏப்ரல் 15 முதல் செப்டெம்பர் 15 வரை காட்டில் நெருப்பு மூட்டத் தடை என்பதால் ரொட்டியும் சம்பலும் கட்டி, பிளாஸ்கில் தேத்தண்ணி கொண்டுபோங்கோ. சப்பாத்து நனையும், மாற்றுக் காலுறை அவசியம்.

அம்மா முதலில் பாதையை விட்டு இறங்கவில்லை. பிறகு ஒரு புளூபெரிப் பற்றையைக் கண்டவுடன் குந்திவிட்டா. ஒரு மணித்தியாலம் எழும்பவில்லை. நாக்கு நீலமாக, சோற்றுப் பெட்டி நிறையப் பழத்தோடு வீட்டுக்கு வந்து, ஊரில் இருக்கிற சித்திக்கு முதல் வேலையாகப் போன் எடுத்தா.

"ஒருத்தரும் காசு கேக்கேல்லையடி!"