சாவியைத் திருப்பியும் சுழலாத இயந்திரம்

குளுவாங்கிலிருந்து கஹாங் வழியாக மெர்சிங் செல்லும் சாலையில் குடும்பத்தோடு காரில் போகிறோம் என்று வைத்துக்கொள்வோம். இரு பக்கமும் செம்பனை. குழந்தைக்காகச் சற்று நிறுத்திவிட்டு மீண்டும் சாவியைத் திருப்பினால், 'டக்' என்று ஓர் ஒலி, அதோடு சரி. மழை வேறு கூடி வருகிறது. அப்போது வழியில் வந்த ஒருவர், "ஸ்டார்ட்டர் போய்விட்டது, புதிதாகத்தான் போட வேண்டும்" என்கிறார். நாமும் நம்பி, பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்கு வைத்திருந்த பணத்தை எடுத்து நீட்டிவிடுகிறோம். ஒரு கம்பியை இறுக்கினாலே தீர்ந்துவிடும் கோளாறாகவும் அது இருக்கக்கூடும்.

எதற்கும் முன்னால், காரைச் சாலையின் இடது ஓரத்திற்கு நன்றாக ஒதுக்கி, எச்சரிக்கை விளக்கைப் போட்டு, முக்கோணப் பலகையைப் பின்னால் தள்ளி வைக்க வேண்டும். பிள்ளைகள் காருக்குப் பின்னால் நிற்கவே கூடாது. வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையாக இருந்தால் எல்லாரும் இரும்புத் தடுப்புக்கு அப்பால் போய் நிற்பதே நல்லது.

முற்காலத்துக் கார்களை முன்பக்கம் இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுற்றித்தான் கிளப்பினார்கள். இயந்திரம் எதிர்த்து உதைத்தால் கை முறியும். அமெரிக்காவில் சார்ல்ஸ் கெட்டரிங் என்பவர் உருவாக்கிய மின்சார ஸ்டார்ட்டர், 1912ஆம் ஆண்டின் கேடிலாக் கார்களில் வந்த பிறகு அந்த வேலையை ஒரு சிறு மோட்டார் ஏற்றுக்கொண்டது. ஆனால் அந்த மோட்டாருக்குப் பசி அதிகம். முன்விளக்குகள் இரண்டும் சேர்ந்து சுமார் 9 ஆம்பியர் மின்சாரம் எடுத்தால், ஸ்டார்ட்டர் 100 ஆம்பியருக்கு மேல் இழுக்கும்.

"விளக்கு எரிகிறதே, பேட்டரி நன்றாகத்தானே இருக்கிறது?" என்று பலரும் ஏமாறுவது இதனால்தான். லயத்துப் பொதுக் குழாயை நினைத்துப் பாருங்கள். ஒரு வீட்டில் மட்டும் திறந்தால் தண்ணீர் நன்றாக வரும். எல்லா வீட்டிலும் திறந்தால் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். பலமிழந்த பேட்டரியும் அப்படியே.

ஆகவே முன்விளக்கைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்புங்கள். ஒருவர் முன்னால் நின்று வெளிச்சத்தைக் கவனிக்கட்டும். விளக்கு அணைவதுபோல் மங்கினாலோ, 'டிக் டிக் டிக்' என்று விடாமல் ஒலித்தாலோ, முதலில் பேட்டரியையும் அதன் முனைகளையும் பார்க்க வேண்டும். வெளிச்சம் மங்காமல் ஒரே ஒரு 'டக்' மட்டும் கேட்டால் ஸ்டார்ட்டர் மீதோ அதற்குப் போகும் கம்பி மீதோ சந்தேகம் கொள்ளலாம். ஒலியே இல்லையென்றால், ஆட்டோமேட்டிக் காராக இருந்தால் கியர் 'பி' அல்லது 'என்' எழுத்தில் சரியாக நிற்கிறதா என்று பாருங்கள். இந்தச் சின்ன விஷயத்துக்காகப் பட்டறைவரை இழுத்துச் செல்லப்பட்ட கார்கள் உண்டு! இயந்திரம் நன்றாகச் சுழன்றும் பிடிக்கவில்லை என்றால் அது வேறு கதை. பெட்ரோலையோ தீப்பொறியையோ தேட வேண்டும்.

பேட்டரி முனையில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பொடி பூத்திருந்தால் மின்சாரம் தடைப்படும். கழற்றும்போது எதிர்முனை முதலில். மாட்டும்போது அது கடைசியில். சுரண்டித் துடைத்து, கையால் அசைத்தாலும் அசையாதபடி இறுக்குங்கள். பேட்டரிக்குள் இருப்பது கந்தக அமிலம். ரப்பர்ப் பாலை உறைய வைக்கும் அமிலத்தைக் கையாண்டவர்களுக்கு எச்சரிக்கை சொல்லத் தேவையில்லை, கண்ணில் படக்கூடாது.

இன்னொரு காரிலிருந்து மின்சாரம் வாங்குவதானால், சிவப்புக் கம்பியை நேர்முனைக்கு நேர்முனையாக மாட்டுங்கள். கறுப்புக் கம்பியின் ஒரு நுனி உதவும் காரின் எதிர்முனையில். மறு நுனி நம் காரின் பேட்டரியில் அல்ல, அதைவிட்டுத் தள்ளி இயந்திரத்தின் வெற்று இரும்பில். பேட்டரியிலிருந்து கசியும் ஹைட்ரஜன் வாயு பொறிபட்டால் வெடிக்கும் என்பதே காரணம். சுருட்டையும் சிகரெட்டையும் அப்போது அணைத்துவிட வேண்டும். தள்ளிக் கிளப்புவது கையால் கியர் போடும் காருக்கு மட்டுமே. ஆட்டோமேட்டிக் காரை எத்தனை பேர் தள்ளினாலும் பயனில்லை.

கார் கிளம்பிய பிறகு வழியில் நிறுத்தாமல் பட்டறைக்குப் போய், இயந்திரம் ஓடும்போதே பேட்டரியின் வோல்ட் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் 13.8க்கும் 14.5க்கும் இடையில் இருக்கும். 13க்கும் கீழே இருந்தால் மின்சாரம் ஏற்றும் ஆல்டர்நேட்டரில் குறை இருக்கலாம். புதுப் பேட்டரி போட்டாலும் அதுவும் தீர்ந்துவிடும். அளவு சரியாக இருந்து, பேட்டரி வாங்கி மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தால், நம் நாட்டு வெயிலில் அதன் ஆயுள் முடிந்திருக்கவே வாய்ப்பு அதிகம்.