யன்னலோரம் ஒரு ஸ்டூடியோ

கட்டுகஸ்தோட்டையில் எனக்குத் தெரிந்த ஒரு சகோதரிக்கு வீட்டு முன்னறைதான் ஸ்டூடியோ. ஒரு யன்னல், ஒரு கதிரை, சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்ட படுக்கை விரிப்பு, பாவித்த கமரா ஒன்று. 2009க்குப் பிறகு வன்னியிலிருந்து பிள்ளைகளோடு இங்கே வந்தவர் அவர்.

சென்ற மாதம் ஒரு தாய் மகளைக் கூட்டிக்கொண்டு அங்கே வந்தார். காணாமற்போன மகனின் படம் ஒன்றே ஒன்றுதான் அவரிடம் இருக்கிறது. பாடசாலைக் குழுப்படத்திலிருந்து வெட்டிப் பெரிதாக்கியது. கண்கள் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கறுப்புக் குழிகள். அதைத்தான் இத்தனை வருடமும் அலுவலகம் அலுவலகமாகக் கொண்டு திரிந்திருக்கிறார்.

"இவளையாவது கண் தெரிய எடுத்துத் தாங்கோ, பிள்ளை" என்றார்.

அந்தக் குழிகளுக்குக் காரணம் உச்சி வெயில். வெளிச்சம் நேர் மேலேயிருந்து விழுந்தால் புருவத்தின் நிழல் கண்ணை மூடிவிடும். கூரையில் தொங்கும் மின்குமிழும் இதையேதான் செய்யும். முகத்துக்கு வெளிச்சம் பக்கத்திலிருந்து, சற்று மேலேயிருந்து சரிந்து வரவேண்டும். யன்னல் அதைச் சும்மா தருகிறது.

சகோதரி பிள்ளையை யன்னலிலிருந்து மூன்றடி தள்ளி, பாதி திரும்பினாற்போல இருத்தினார். மறுகன்னம் இருண்டது. அந்தப் பக்கம் ஒரு வெள்ளை ரெஜிபோம் பலகையைப் பிடிக்கத் தாயிடமே கொடுத்தார். பலகையை அருகே கொண்டுவர நிழல் இளகியது. இரு கண்களிலும் யன்னல் ஒரு சின்னப் புள்ளியாக மின்னுகிறதா என்று பார்த்தார். அது இல்லாவிட்டால் முகத்தில் உயிர் இராது என்பார். பின்சுவரில் நிழல் படாதிருக்கக் கதிரையைச் சுவரிலிருந்து நாலைந்து அடி முன்னால் இழுத்திருந்தார்.

தொடக்கத்தில் அவருக்கும் பிழைத்தது. யன்னலைத் திறந்துவிட்டு அறை விளக்கையும் போட்டு எடுத்ததில் ஒரு கன்னம் நீலம், மறு கன்னம் மஞ்சள்! இப்போது விளக்கை அணைத்துவிடுகிறார். வடக்கு யன்னலில் நேர்வெயில் படாது என்று புத்தகங்களில் படித்திருந்தார். அது குளிர்நாட்டுக்காரர் எழுதியது. கண்டியில் ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் வரை நண்பகல் சூரியன் வடக்கே நிற்கும். அந்த மாதங்களில் யன்னலில் மெல்லிய வெள்ளைத் துணி கட்டவேண்டும். மழை மூட்டமான பின்னேரம் என்றால் துணியும் வேண்டாம், வானமே துணிதான்.

வீட்டில் ஸ்டூடியோ வைப்பது புதிய யோசனையுமல்ல. ஜூலியா மார்கரெட் கமரன் என்ற பெண்ணுக்கு 1863இல், 48ஆவது வயதில், மகளும் மருமகனும் ஒரு கமராவைப் பரிசாகக் கொடுத்தார்கள். இங்கிலாந்தில் தம் வீட்டுக் கோழிக்கூட்டையே அவர் ஸ்டூடியோவாக மாற்றினார். நிலக்கரி வைக்கும் அறை இருட்டறையாயிற்று. 1875இல் கணவரோடு இலங்கைக்கு வந்தார், 1879இல் இறந்தார். கல்லறை நம் மலையகத்திலேயே, பொகவந்தலாவையில் இருக்கிறது. இங்கே அவர் எடுத்த தொழிலாளர்கள், கிராமத்தவர்களின் படங்களை வெளிநாட்டு நூதனசாலைகள் பாதுகாக்கின்றன. அந்த முகங்களில் வெளிச்சம் இருக்கிறது. பலருடைய பெயரைத்தான் யாரும் எழுதி வைக்கவில்லை.

தொழிலாகச் செய்ய நினைப்பவர்களுக்கு ஒன்று. அடையாள அட்டைப் படத்தைப் பதிவு பெற்ற ஸ்டூடியோவில்தான் எடுக்கவேண்டும். வீட்டு ஸ்டூடியோவுக்கு வருவது பிறந்தநாள், கலியாணப் பேச்சு, குடும்பப் படம் போன்றவைதான். மாத வருமானம் நிலையில்லாதது. சகோதரி தையலையும் விடவில்லை.

படம் கழுவி வந்த அன்று நானும் போயிருந்தேன். தாய் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பின்பக்கம் திருப்பி, பேனை கேட்டு வாங்கி, மகளின் முழுப்பெயரையும் திகதியையும் எழுதினார்.