குடியை நிறுத்த எந்தக் கூட்டம்?

பல வருடம் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுங்கும். வலிப்பும் புத்தித் தடுமாற்றமும்கூட வரலாம். ஆகவே முதலில் டாக்டரிடம் போவதே முறை. பெங்களூர்க்காரர்களுக்கு ஓசூர் ரோட்டில் "நிமான்ஸ்" ஆஸ்பத்திரி இருக்கிறது.

வீடு திரும்பிய பிறகு? சம்பள நாள் வரும். பழைய கூட்டாளிகளும் வருவார்கள்! அப்போது கைகொடுப்பது "ஏ.ஏ." கூட்டம்.

அமெரிக்காவில் ஆக்ரன் நகரில் 1935-ல் பங்கு வியாபாரி பில் வில்சனும் டாக்டர் பாப் ஸ்மித்தும் சந்தித்ததில் பிறந்த இயக்கம் இது. இருவருமே குடியால் சீரழிந்தவர்கள். சந்தா கிடையாது, முழுப் பெயரும் சொல்ல வேண்டாம். குடியை விடும் விருப்பம் ஒன்றே தகுதி.

"மூடிய" கூட்டத்தில் குடிநோயாளிகள் மட்டுமே உட்காருவார்கள். "திறந்த" கூட்டத்துக்கு மனைவி, மக்களும் போகலாம். குடும்பத்தாருக்கென்றே "அல்-அனான்" என்று தனிக் கூட்டமும் உண்டு.

பெங்களூரில் இங்கிலீஷ், கன்னடம், தமிழ் ஆகிய மொழிகளில் கூட்டங்கள் நடக்கின்றன. நம்மவர்களில் பலருக்குக் கன்னடம் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் மார்க்கெட்டில் பேரம் பேசும் பாஷையில், மனைவியின் தாலிச் சங்கிலியை அடகு வைத்துக் குடித்த கதையைச் சொல்ல வாய் வருமா? இரண்டு பஸ் மாறினாலும் தமிழ்க் கூட்டத்துக்குப் போவதே நல்லது. அங்கும் மனம் ஒட்டவில்லையென்றால் வேறொரு கூட்டம் பார்க்கலாம். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

சர்ச் வளாகத்தில் நடக்கிறதே என்றும் தயங்க வேண்டாம். இடம்தான் அங்கே, இயக்கம் எந்த மதத்தையும் சேர்ந்ததல்ல. நாளும் நேரமும் மாறக்கூடும் என்பதால், கிளம்புமுன் போனில் கேட்டுக்கொள்ளலாம்.