வீட்டில் தையலுக்கு எந்த இடம்?

எமது கிழக்குக் கரையோர ஊர்களில் தையல் மெசின் உள்ள வீடுகள் ஏராளம். அபாயா, சல்வார், பாடசாலைச் சீருடை என எத்தனையோ உடைகள் வீட்டிலிருந்தே தைக்கப்படுகின்றன. ஆனால் மெசின் வைக்கப்படும் இடமோ பெரும்பாலும் வேறெதற்கும் உதவாத இடமாகவே இருக்கும். மாடிப்படியின் கீழே, அலுமாரிக்கும் சுவருக்கும் நடுவே, குசினிக்குப் போகும் வழியில் என்று எங்கேயாவது ஒதுக்கி வைப்போம்.

என் உம்மாவும் பல வருடங்கள் அப்படியான ஓர் இருட்டு மூலையில்தான் தைத்தார். பெருநாள் ஓடர்கள் குவியும் நோன்பு காலத்தில் அவருக்குக் கண்வலியும் தலைவலியும் கூடின. மெசினை வேறிடத்துக்கு மாற்ற வேண்டும் என்று முடிவெடுத்து வீட்டின் எல்லா அறைகளையும் பார்த்தோம். அப்போது அறிந்தவற்றை இங்கே தருகிறேன்.

முதலில் பார்க்க வேண்டியது வெளிச்சம். கறுப்புத் துணியில் கறுப்பு நூலால் தைப்பதற்கு, வெள்ளைத் துணியில் தைப்பதைவிடப் பல மடங்கு வெளிச்சம் வேண்டும். மேற்கு யன்னலில் பின்னேர வெயில் நேராக அடிக்கும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் சூடும் தூசியும் அதனோடு சேர்ந்து வரும். கிழக்கு யன்னல் காலையில் நல்ல வெளிச்சம் தந்து, பகலுக்குப் பின் குளிர்ச்சியாக இருக்கும். வடக்கு யன்னலின் வெளிச்சம் நாள் முழுவதும் அதிகம் மாறாது. ஆண்டின் நடுப்பகுதியில் சூரியன் வடக்கே சாய்ந்தாலும், நண்பகலில் உச்சிக்கு அருகில் நிற்பதால் கூரையின் இறக்கம் வெயிலை மறைத்துவிடும். ஆகவே வடக்கு அல்லது கிழக்கு யன்னலே சிறந்தது.

யன்னல் இடது கைப்பக்கம் இருக்குமாறு மெசினை வையுங்கள். மெசினின் உடல் வலது புறமும் ஊசி இடது புறமும் இருப்பதால், வலதிலிருந்து வரும் வெளிச்சத்தை மெசினே மறைத்துவிடும்.

இதற்கு எளிதான சோதனை ஒன்று உண்டு. காலை 9 மணி, நண்பகல் 12 மணி, பின்னேரம் 4 மணி ஆகிய மூன்று வேளைகளிலும் ஒவ்வோர் அறையிலும் மின்குமிழ் போடாமல் ஊசியில் கறுப்பு நூல் கோர்த்துப் பாருங்கள். மூன்று வேளையும் சிரமமின்றிக் கோர்க்க முடிகின்ற இடமே உங்கள் இடம்.

இரண்டாவது, துணி வெட்டும் இடம். 60 அங்குல அகலத் துணியை இரண்டாக மடித்தால் 30 அங்குலம். ஓர் அபாயாவின் நீளம் 54 முதல் 60 அங்குலம் வரை வரும். எனவே 30 அங்குல அகலமும் 60 அங்குல நீளமும் உள்ள மேசை போதும். இடுப்பு உயரத்தில் மேசை இருந்தால், தரையில் குனிந்து வெட்டும் முதுகுவலி இல்லை. மேசைக்கு இடமில்லாத வீட்டில் சாப்பாட்டு மேசையையே நன்றாகத் துடைத்துப் பயன்படுத்தலாம்.

மூன்றாவது, பாதுகாப்பு. அயன் அதிக மின்சாரத்தை இழுப்பதால் அதை மெசினோடு ஒரே நீட்டிப்பு வயரில் மாட்டக்கூடாது; அதற்குச் சுவர்ப் பிளக் வேண்டும். குண்டூசிகள் சிறு பிள்ளைகளின் கையில் படாதிருக்க, மூடியுள்ள டப்பாவும் ஒரு காந்தமும் அவசியம். கடற்காற்றின் உப்பும் மாரி மழையின் ஈரமும் ஊசியைத் துருப்பிடிக்கச் செய்யும். ஆகவே வேலை முடிந்ததும் மெசினை மூடிவைக்க வேண்டும். சாரல் அடிக்கும் விறாந்தையும் எண்ணெய்ப் புகை படியும் குசினியும் இதற்கு ஏற்றவையல்ல.

நான்காவது, அளவு கொடுக்க வரும் பெண்களின் வசதி. அவர்கள் வீட்டு ஆண்களைக் கடந்து உள்ளே போக நேரக்கூடாது. வாசலுக்கு அருகில், திரை போட்டு மறைக்கக்கூடிய இடமே நல்லது.

இவை நான்கையும் வைத்துப் பார்த்தபோது எங்கள் வீட்டில் பொருந்திய ஒரே இடம் முன் ஹோலின் வடக்கு யன்னலோரம். அங்கே செற்றி இருந்தது. “விருந்தாளிகள் வந்தால் எங்கே இருத்துவது?” என்று வாப்பா கேட்டார். “விருந்தாளிகள் மாதத்தில் இரண்டு நாள் வருவார்கள். உம்மா ஒவ்வொரு நாளும் ஏழெட்டு மணித்தியாலம் தைக்கிறாரே?” என்று ராத்தா கேட்டாள். வாப்பா கொஞ்ச நேரம் பேசாமலிருந்துவிட்டு, செற்றியின் ஒரு முனையைத் தானே பிடித்துத் தூக்கினார்.

ஒரு வீட்டின் மிக வெளிச்சமான இடம் யாருக்கு என்பது சிறிய கேள்வியல்ல. பெண்கள் வீட்டிலிருந்து செய்யும் வேலையையும் வேலையாக நாம் மதிக்கின்றோமா என்பதை அது காட்டிவிடும்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். எமது பகுதியில் மகளுக்கு வீடு கட்டிக் கொடுக்கும் வழக்கம் உண்டு. அந்த வீட்டின் வரைபடத்தில் ஹோலையும் குசினியையும் குறிக்கும்போது, வடக்குப் பார்த்த ஒரு யன்னலையும் அதன் அருகே ஒரு பிளக்கையும் சேர்த்துக் குறித்துவிடுங்கள். அவள் அங்கே தைக்கலாம், படிக்கலாம், கணினியில் வேலை செய்யலாம். எதைச் செய்தாலும் அவளுடைய கண்களுக்கு வெளிச்சம் வேண்டுமல்லவா?