மிதிக்கும் கால்: அன்றும் இன்றும்

அம்பாசடரும் ஃபியட்டும் ஓடிய காலத்தில் கார் பழகியவர்களுக்கு முதல் பாடம் இதுதான்: ஆக்சிலேட்டரை மிதிக்காதே, தடவு. 1973 எண்ணெய் நெருக்கடியில் பெட்ரோல் விலை எகிறியபின் அந்தப் பாடம் இன்னும் இறுகியது. அதில் தவறும் இல்லை. சட்டென மிதித்தால், பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டர்கள் பலவற்றில் இருந்த சிறு பம்ப் கூடுதல் பெட்ரோலைப் பீய்ச்சும். முழுக்க அழுத்தினால் காற்றுக்குப் பொருந்தாத அளவு பெட்ரோல் உள்ளே போகும். எரியாத மிச்சம் சைலன்சர் வழியே கரும்புகையாக வெளியேறும்.

இறக்கத்துக்கும் ஒரு வழக்கம் இருந்தது. ஊட்டியிலிருந்து இறங்கும்போது வண்டியை நியூட்ரலில் விடுவார்கள். சிலர் இன்ஜினையே அணைத்துவிடுவார்கள். பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகலாம் என்ற பயத்தைவிட, மிச்சமாகும் பெட்ரோல் பெரிதாகத் தெரிந்தது.

1995இல் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு, புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் கட்டாயமானது. அது சரியாக வேலை செய்ய, ஒரு கிலோ பெட்ரோலுக்கு ஏறத்தாழ 14.7 கிலோ காற்று என்ற விகிதம் பிசகக் கூடாது. அந்தத் துல்லியம் கார்புரேட்டருக்கு எட்டவில்லை. 2000க்குப் பின் மாசு விதிகள் இறுக இறுக, புதிய கார்களில் அதன் இடத்துக்கு, கணினி சொல்லும் அளவில் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரும் ஆக்சிஜன் சென்சாரும் வந்தன.

அதோடு மிதிப்பதன் கணக்கும் மாறியது. பெட்ரோல் இன்ஜினுக்குக் காற்று போகும் வழியில் திராட்டில் என்ற தட்டு இருக்கிறது. லேசாகத் தொட்டால் அது சிறு இடுக்காகத்தான் திறக்கும். மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுபவரைப் போல, காற்றை இழுப்பதற்கே இன்ஜின் சக்தியை விரயமாக்கும். சுமை ஏறினால் தட்டு அகலத் திறந்து அந்த விரயம் குறையும். சுமை மிகக் குறைவாக இருக்கும்போது பெட்ரோலின் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்குகூடச் சக்கரத்துக்குப் போகாது. சுமை பொருத்தமாக இருந்தால் மூன்றில் ஒரு பங்கை நெருங்கும். சிறிய டர்போ இன்ஜின்களின் பின்னாலுள்ள தந்திரமும் இதுவே: இன்ஜினைச் சிறிதாக்கி, அதைச் சோம்பியிருக்க விடாமல் வேலை வாங்குவது.

ஆகவே இன்று பாதிக்குச் சற்று மேல் அழுத்தி, நிமிடத்துக்கு 2000 சுற்றை ஒட்டியே கியரை மேலே மாற்றி, வேண்டிய வேகத்தைச் சீக்கிரம் எட்டுவதில் நஷ்டமில்லை. தரையோடு மிதித்தால் மட்டும் பழைய கதைதான். இன்ஜினைக் குளிர்விக்கக் கணினியே கூடுதல் பெட்ரோலை விடும். பெரிய கியரில் வண்டி திணறித் தட்டும் ஓசை வந்தாலும் கியரைக் குறைக்க வேண்டும்.

இறக்கத்தில் வழக்கம் தலைகீழானது. கியரிலேயே வைத்துக் காலை எடுத்தால், இன்ஜெக்டர் பெட்ரோலை அடியோடு நிறுத்திவிடும். நியூட்ரலில் விட்டாலோ, இன்ஜின் அணையாமல் இருக்கவே பெட்ரோல் வேண்டும்.

எப்படி மிதித்தாலும், 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் வண்டியில் சேரும் இயக்க ஆற்றல் ஒன்றே. பிரேக் போட்டால் அது வெப்பமாய்த் தொலைகிறது. ஹைப்ரிட், மின்சார கார்கள்தான் அதில் ஒரு பகுதியைப் பேட்டரிக்கு மீட்கின்றன. மற்ற கார்களில் மைலேஜைக் காப்பாற்றுவது, எதிரே சிக்னல் சிவப்பாவதைத் தொலைவிலேயே கவனித்து ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்கும் பழக்கம்.