மாத்தளையின் தொழிற்கல்வி: திரைக்கு முன் தேவை போதனாசிரியர்

இலங்கையில் தொழிற்கல்வியைத் தொழில்நுட்பக் கல்லூரிகளும் தொழிற் பயிற்சி நிலையங்களும் வழங்குகின்றன. சாதாரண தரத்தோடோ உயர்தரத்தோடோ பாடசாலையை விட்டு வெளியேறும் பிள்ளைகளுக்கு இவைதாம் அடுத்த வாசல். இவை வழங்கும் தேசிய தொழில் தகைமைக்கு ஏழு மட்டங்கள் உண்டு: முதல் நான்கும் சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழாவது பட்டம். 2008இன் 31ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான யுனிவொடெக் பல்கலைக்கழகம் அந்தப் பட்டத்துக்கு வழி திறந்தது. ஏட்டில் பாதை செம்மையாகவே இருக்கிறது. ஆனால், மாத்தளை மாவட்டத்தின் எல்கடுவ, இறத்தோட்டைப் பக்கத் தோட்டங்களின் தமிழ்ப் பிள்ளைகளுக்கு அதில் கால் வைப்பதே பெரும்பாடு.

இதற்கு இன்று எளிதாகச் சொல்லப்படும் தீர்வு இணையவழி வகுப்பு. 2020இல் கொரோனா முடக்கத்தின்போது ‘லேர்ன்’ கல்வி வலையமைப்பு வழியாகப் பல்கலைக்கழகங்கள் சூம் வகுப்புகளை நடத்தின. மாணவர்களுக்கு டேட்டா செலவும் இல்லாமல் போனது. விரிவுரைக்கு அது போதும், தொழிற்பயிற்சிக்குப் போதாது. 2019ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் ஏறத்தாழ ஐந்து வீடுகளில் ஒன்றில்தான் கணினி இருந்தது. தோட்டப்புறத்தில் அதனினும் மிகக் குறைவு. ஆகவே கைபேசியின் சிறு திரையே வகுப்பறை. வெல்டிங் பழகுபவருக்கு அந்தத் திரை கம்பியின் சாய்வைக் காட்டலாம். கம்பிக்கும் தகட்டுக்கும் இடைவெளி கூடும்போது சத்தம் மாறுவதைக் கேட்டு, அந்தக் கணமே மணிக்கட்டைப் பிடித்துத் திருத்தப் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும். செய்து காட்டினால்தான் தகைமை என்பதே தேசிய தொழில் தகைமை முறையின் அடிப்படை.

அந்த ஆள் பேசும் மொழி அடுத்த சிக்கல். மலையகத்தில் பல பாடநெறிகள் சிங்களத்திலேயே நடக்கின்றன. சிங்களக் குறிப்பை இன்று கைபேசியே நொடியில் தமிழாக்கித் தருமே என்று கேட்கலாம். குறிப்பைத் தரும், உண்மைதான். ஆனால் மின்சுற்றைத் தொடுவதற்கு முன் வரும் எச்சரிக்கை மொழிபெயர்ப்புக்குக் காத்திருக்காது. புரியாததைக் கேட்கக் கூச்சப்படும் பிள்ளையின் வாயையும் செயலி திறக்காது. தமிழில் கற்பிக்க ஆள் எங்கே, பணம் எங்கே என்பது இன்னொரு மறுப்பு. இது நியாயமான கேள்வி. வழி நமது தகைமைச் சட்டகத்துக்குள்ளேயே உள்ளது: வேலை தெரிந்தும் சான்றிதழ் இல்லாதவர்களுக்கு முன் அனுபவத்தை மதிப்பிட்டுத் தகைமை வழங்கும் முறை நடைமுறையில் இருக்கிறது. மாத்தளை நகரக் கராஜ்களிலும் பட்டறைகளிலும் இருக்கும் தமிழ் பேசும் கைவினைஞர்களை அதன் வழியே கொண்டுவந்து, கற்பித்தல் பயிற்சியும் கொடுத்தால், சில ஆண்டுகளில் போதனாசிரியர்கள் கிடைப்பார்கள்.

தொழில்நுட்பம் வேண்டாம் என்பதல்ல வாதம். கோட்பாட்டுப் பாடத்தைத் தமிழ்க் காணொளியாக முன்கூட்டியே அனுப்பினால், பஸ்ஸுக்குக் காசு செலவழித்து மலையிறங்கி வரும் பிள்ளைக்குப் பட்டறை நேரம் முழுவதும் கைப்பழக்கத்துக்கே மிஞ்சும். அதுதான் கைபேசிக்கு உரிய வேலை. அடுத்த ஒதுக்கீட்டில் மாத்தளைக்குக் கணினி கேட்கும் அரசியல்வாதிகளும் அதிகாரிகளும் முதலில் தமிழ்மொழிப் போதனாசிரியர் பதவிகளைக் கேட்கட்டும்.